மட்டாஞ்சேரி மிளகும் கொடியை மாற்றிய கருவிகளும்

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியின் மிளகு வணிகம், தான் கைமாற்றிய பொருளைப் பல தலைமுறைகளாக எடையாலும் சல்லடையாலும் அறிந்துவந்தது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பாத்திரத்தில் தலைதட்டி நிரப்பிய மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பதே அங்கே முதல் கேள்வி. வணிகர்கள் ‘லிட்டர் வெயிட்’ என்று சொல்லும் அந்த அளவு 550 கிராமை எட்டினால் மணி நன்கு முற்றியது என்றும், அதிலிருந்து இறங்க இறங்கப் பிஞ்சும் சொத்தையும் கலந்தது என்றும் பொருள். தூசியும் காம்பும் நீக்கிய மிளகு ‘கார்பிள்ட்’ என்றும், நீக்காதது ‘அன்கார்பிள்ட்’ என்றும் பெயர்பெற்றன. 4.25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தங்கிவிடும் பெருமணி, தலச்சேரித் தரம் என்று தனி விலைக்குப் போனது. மணியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருந்த சந்தை, அந்த மணியைத் தந்த கொடியைப் பற்றிக் கேட்டது மிகக் குறைவு. கொடி எந்த மலையில், எந்த மரத்தில் படர்ந்தது, அதன் தாய்க்கொடியை யார் தேர்ந்தெடுத்தார் என்பவை விலையில் சேராத செய்திகளாகவே இருந்தன.

சந்தையின் வரலாறு பலமுறை எழுதப்பட்டதால் அதைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியின் முகத்துவாரத்தைத் தூர்த்து, கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1500 டிசம்பர் 24 அன்று போர்ச்சுகீசியக் கடற்படைத் தலைவர் கப்ரால் கொச்சிக்கு வந்து மிளகு ஏற்றியதிலிருந்து இந்தத் துறைமுகம் ஐரோப்பிய வணிகத்தின் நடுப்புள்ளியானது. 1555 அளவில் போர்ச்சுகீசியர் கொச்சி மன்னருக்குக் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையும், அதன் அருகே 1568இல் எழுந்த பரதேசி யூதர்களின் ஜெப ஆலயமும், 1663இல் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் ஒப்பந்தங்களும், பின்னாளில் வந்து குடியமர்ந்த குஜராத்தி வணிகர்களின் கிடங்குகளும் ஒரே பண்டத்தைச் சுற்றி நின்றவை. வடக்கும்கூர், தெக்கும்கூர் ஆகிய சிற்றரசுகளின் மலைச்சரிவுகளில் விளைந்த மிளகு ஆறுகளின் வழியே வேம்பநாட்டுக் காயலுக்கு இறங்கி, வள்ளங்களில் கொச்சிக்கு வந்தது. 1957இல் யூதத் தெருவில் இந்திய மிளகு, நறுமணப்பொருள் வணிகச் சங்கம் முன்பேர வணிகத்தைத் தொடங்கி, கூவி விலைபேசும் கூடத்தை நடத்தியது. உலக மிளகு விலைக்கு அந்தக் கூடம் நெடுங்காலம் ஓர் அளவுகோலாக இருந்தது. இத்தனை நூற்றாண்டு ஈட்டலில் கொடியை மேம்படுத்தும் முயற்சி என்று சொல்லத்தக்கது சந்தையிலிருந்து கிளம்பவில்லை. அது மலைத்தோட்டங்களிலும், பின்னர் அரசின் ஆராய்ச்சிப் பண்ணைகளிலும் நிகழ்ந்தது. இன்று மரபணுத் திருத்தம் என்ற புதிய கருவித்தொகுதி மிளகின் வாசலுக்கு வந்திருக்கும் நிலையில், முந்தைய கருவிகள் எவரிடமிருந்து வந்தன என்பதை நினைவுகூர்வது வெறும் பழம்பெருமைக்காக அன்று; அடுத்த கருவி எங்கே, யாருடைய ஒப்புதலோடு பயன்பட வேண்டும் என்பதை அந்த வரலாறே தெளிவாக்குகிறது.

முதல் கருவி கத்தியும் கண்ணும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாக வளரும் காட்டுமிளகில் பெரும்பாலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆண்கொடி அருகில் இல்லாத பெண்கொடியில் சரம் தொங்கும், மணி பிடிக்காது. தோட்டங்களில் இன்று நிற்கும் ரகங்களிலோ பெரும்பான்மை ஒரே பூவில் இருபாலும் அமைந்தவை. காட்டில் அரிதாகத் தோன்றிய அத்தகைய கொடியைக் கண்டு, அதன் தண்டை வெட்டி வீட்டருகே நட்டு, அதிலும் நன்றாகக் காய்த்ததை மறுபடி வெட்டி நட்டவர்கள் பெயர் தெரியாத மலைக்குடிகள். விதை போட்டு முளைத்த கொடி தாயைப்போல இருப்பதில்லை; தண்டு வைத்து வளர்ந்த கொடி தாயின் மரபணுக்களை அப்படியே தாங்கும். ஒரு நல்ல கொடியின் குணத்தைக் குலையாமல் பெருக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

அந்த அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதை நாற்றெடுக்கும் முறையில் காணலாம். மிளகுக் கொடியில் மூன்றுவகைத் தண்டுகள் உண்டு. மரத்தைப் பற்றி மேலேறும் தண்டு ஒன்று; அதிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து சரம் விடும் கிளை இன்னொன்று; அடிப்பகுதியில் கிளம்பித் தரையில் ஓடும் கொடி மூன்றாவது. மலையாளத்தில் செந்தலை எனப்படும் இந்த ஓடுகொடியைத்தான் நாற்றுக்கு எடுப்பார்கள். தரையில் விட்டால் கணுவுக்குக் கணு வேரூன்றிவிடும் என்பதால், தாய்க்கொடியின் அடியில் ஒரு குச்சியை நட்டு, ஓடுகொடியை அதில் சுருட்டிவைத்து, மாசி, பங்குனி வாக்கில் வெட்டி, இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக்கி வேர்பிடிக்க வைப்பார்கள். பக்கக்கிளையை வெட்டி வைத்தால் அது மரமேறாமல் புதராகவே நின்று காய்க்கும். ஒரே கொடியின் எந்தப் பகுதியிலிருந்து துண்டு எடுக்கப்படுகிறதோ அதற்கேற்பச் செடியின் உருவமே மாறும் என்ற இந்த அறிவுக்கு நூல் கிடையாது. கையிலிருந்து கைக்கு வந்தது. நடவுக்குரிய காலமாக ஆனி மாத மழையான திருவாதிரை ஞாற்றுவேல வகுக்கப்பட்டிருந்தது. கொடிகளைப் போர்ச்சுகீசியர் பெயர்த்துச் செல்கிறார்கள் என்று அஞ்சிய அமைச்சரிடம், கொடியைக் கொண்டுபோகலாம், நம் ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாது என்று கோழிக்கோட்டுச் சாமூதிரி சொன்னதாக வழங்கும் கதை வரலாற்றுச் சான்றுடையது அன்று. ஆயினும் மழைக்கும் மிளகுக்கும் உள்ள உறவைக் கேரளம் எப்படிப் புரிந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று. சரத்தில் மகரந்தம் மேலிருந்து கீழே பரவ மழைத்துளி துணைசெய்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின.

இப்படித் திரண்டவையே கரிமுண்டா, கொட்டநாடன், நாராயக்கொடி, ஐம்பிரியன், நீலமுண்டி, கல்லுவள்ளி, குதிரவள்ளி, பாலன்கொட்டா முதலான ரகங்கள். நிழலைத் தாங்குவது கரிமுண்டா. சாறும் காரமும் மிகுந்தது கொட்டநாடன். உயர்ந்த மலைப்பகுதிக்கு ஏற்றது ஐம்பிரியன். நீண்ட சரம் விடுவது குதிரவள்ளி. மட்டாஞ்சேரிக் கிடங்கில் இவை எல்லாம் ஒரே மூட்டையில் கலந்து ‘மலபார் மிளகு’ என்ற ஒரே பெயரைப் பெற்றன.

கொடியைப் பற்றிய அறிவு கொச்சியில் ஒரேயொரு முறை பெரிய அளவில் ஏட்டிலேறியது. 1670 முதல் 1677 வரை மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற தாவரப் பெருநூல் அந்த முயற்சியின் விளைவு. சேர்த்தலை வட்டாரத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், கொச்சியைச் சேர்ந்த கொங்கணி வைத்தியர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரும் செடிகளை அடையாளம் காட்டி, அவற்றின் பெயரையும் பயனையும் சொன்னார்கள். 1675 ஏப்ரலில் அவர்கள் எழுதிக்கொடுத்த சான்றுரைகள் அவரவர் எழுத்து வடிவிலேயே முதல் தொகுதியில் இடம்பெற்றன. ஏழாம் தொகுதியில் மிளகு ‘மொளகொகொடி’ என்ற பெயரோடு படமாக வந்தது. 1753இல் லின்னேயஸ் மிளகுக்கு ‘பைப்பர் நைக்ரம்’ என்ற அறிவியல் பெயரை வழங்கியபோது அந்தப் படத்தையும் மேற்கோளாகக் காட்டினார். இலத்தீனில் இருந்த இந்நூலைத் தாவரவியலாளர் கா. சு. மணிலால் பல பத்தாண்டு உழைப்பில் ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்த பிறகே, சொன்னவர்களின் நாட்டாருக்கு அது வாசிக்கக் கிடைத்தது. சொன்னவர் யார் என்பதைப் பெயரோடும் கையெழுத்தோடும் நூலிலேயே பதிவுசெய்த அந்த நேர்மை, காலனிய அறிவுத் தொகுப்புகளில் அரிதானது. பின்னால் பேசவேண்டிய உரிமைக் கேள்விக்கும் அது தொடர்புடையது.

இரண்டாம் கருவியான கலப்பினமாக்கம் ஒரு நோயின் வழியே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயநாட்டு மிளகுத் தோட்டங்கள் வாடிச் சாய்ந்தபோது, சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் அங்கே அனுப்பப்பட்டார். அவருடைய ஆய்வின் தொடர்ச்சியாக 1905இல் தளிப்பறம்பில் மிளகுப் பண்ணை ஒன்று அமைந்தது. தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய பார்பர் இவரே. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கி, டி. எஸ். வெங்கட்ராமனோடு சேர்ந்து, சாகுபடிக் கரும்பையும் காட்டு நாணலையும் இணைத்து கோ 205 என்ற ரகம் 1918இல் வெளியாக வழிசெய்தவர். சாகுபடிச் செடி இழந்துவிட்ட உறுதியைக் காட்டு உறவிலிருந்து மீட்கும் வழியை இவ்விருவரும் கரும்பில் நிறுவிக்காட்டினர். மிளகில் கலப்பின வெற்றிக்கே இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாமதத்துக்குக் காரணம் மிளகின் பூவிலேயே இருந்தது. விரலளவு நீண்ட சரத்தில் ஏராளமான பூக்கள் நெருங்கி அமைந்திருக்கும்; ஒவ்வொன்றும் கடுகினும் சிறியது. கலப்பினம் செய்ய வேண்டுமானால் தாய்ச் செடியின் பூவில் மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்பே அதை நீக்கிவிட வேண்டும். இவ்வளவு சிறிய பூவில் அது ஏறத்தாழ இயலாத வேலை. 1952இல் அன்றைய சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில், தளிப்பறம்பை அடுத்த பன்னியூரில் தொடங்கிய மிளகு ஆராய்ச்சி நிலையம் இதற்கு உள்ளூர் ரகத்திலேயே வழி கண்டது. உதிரன்கொட்டா என்ற ரகத்தின் சரத்தில் பெரும்பாலும் பெண்பூக்களே இருக்கும்; மணி சரியாகப் பிடிக்காததால் விவசாயிகள் அதைப் பெரிதாக மதித்ததில்லை. விவசாயிக்குக் குறையாக இருந்த அந்தப் பண்பே ஆராய்ச்சியாளருக்கு வசதியாயிற்று. மகரந்தப்பையை நீக்கும் வேலையே இல்லாமல், செறியகாணியக்காடன் என்ற ரகத்தின் மகரந்தத்தை அதில் சேர்த்துப் பெற்ற நாற்றுகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, கழித்து, தேர்ந்தெடுத்ததில் கிடைத்ததே பன்னியூர்-1. பி. கே. வேணுகோபாலன் நம்பியாரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் இந்த ரகம் 1971இல் வெளியானது. உலகின் முதல் மிளகுக் கலப்பினம் அது. நீண்ட சரமும் பருத்த மணியும் கொண்ட பன்னியூர்-1 மலபாரெங்கும் பரவியதில் வியப்பில்லை.

ஆனால் கலப்பினமாக்கம் ஒரு குணத்தை மட்டும் தனியே எடுத்துத் தராது. இரண்டு பெற்றோரின் பல்லாயிரம் மரபணுக்களும் கலைந்து புதிதாகக் கூடுவதால், வேண்டியதோடு வேண்டாததும் சேர்ந்தே வரும். பன்னியூர்-1 வெயிலை விரும்பும். காப்பியும் பலாவும் அடர்ந்த நிழல்தோட்டத்தில் அதன் விளைச்சல் குறையும். அதனால்தான் அது வந்த பிறகும் கரிமுண்டா தன் இடத்தை இழக்கவில்லை. மேலும், பார்பரை வயநாட்டுக்கு வரவழைத்த வாடல் நோயைப் பன்னியூர்-1 வெல்லவில்லை. ஃபைட்டோஃப்தோரா என்ற, பூஞ்சையைப் போலத் தோன்றினாலும் நீர்ப்பாசிகளுக்கு நெருக்கமான நுண்ணுயிர்தான் இந்த வாடலுக்குக் காரணம். மழைக்காலத்தில் மண்நீரில் நீந்திவந்து வேரையும் கழுத்துப்பகுதியையும் தாக்கினால், பச்சையாக நின்ற கொடி இரண்டு மூன்று வாரங்களில் இலையும் கணுவும் உதிர்ந்து பட்டுப்போகும். மிளகுக்கு உயிர்தந்த அதே மழைதான் நோய்க்கும் வழி திறக்கிறது. வயநாட்டில் 1990களின் பிற்பகுதி முதல் இந்த வாடலும் விலைவீழ்ச்சியும் ஒருசேர வந்தபோது குடும்பங்கள் கடனில் மூழ்கிய துயரத்தைக் கேரளம் மறக்கவில்லை.

கோழிக்கோட்டில் இயங்கும் இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், நோயை ஓரளவு தாங்கும் கொடிகளைத் தேடிப் பிரித்தது. பெரம்பிரமுண்டியின் விதைநாற்றுகளிலிருந்து சக்தி, தேவன்முண்டியிலிருந்து தேவம் ஆகிய ரகங்கள் வந்தன. தென்னமெரிக்கக் காட்டு உறவான பைப்பர் கொலுப்ரினம் இந்நோய்க்கு அசையாது நிற்பதால், அதன் வேர்த்தண்டில் நம் மிளகை ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல ஒட்டிடத்தில் பொருந்தாமை தோன்றியது. இந்த இரு இனங்களையும் நேரடியாகக் கலப்பினம் செய்வதும் எளிதாக இல்லை. எதிர்ப்புத்திறன் கண்ணுக்கு எதிரே ஒரு செடியில் இருந்தும், அதை இன்னொரு செடிக்குக் கொண்டுவரும் கருவி கைக்கு எட்டவில்லை.

இந்த இடைவெளியில்தான் மரபணுத் திருத்தம் நுழைகிறது. மரபணு மாற்றம் என்று முன்பு அறியப்பட்ட முறை வேறோர் உயிரியின் மரபணுவைச் செடிக்குள் சேர்ப்பது. மரபணுத் திருத்தமோ, செடியில் ஏற்கெனவே உள்ள மரபணுவைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் மாற்றுவது. 2012இல் ஜெனிஃபர் டவுட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்டியேவும் விளக்கிய கிரிஸ்பர்-கேஸ்9 முறையில், வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறு இலக்கு இடத்தைத் தேடிப் பொருந்த, கேஸ்9 என்ற புரதம் அங்கே டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வெட்டுகிறது. செல் தன் வெட்டைத் தானே ஒட்டிக்கொள்ளும்போது ஓரிரு காரங்கள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள் போன்ற வேதி அலகுகள்) விடுபட்டோ கூடியோ அந்த மரபணு செயலிழக்கிறது. மறு ஆண்டே நெல், கோதுமை உள்ளிட்ட செடிகளில் இது செய்துகாட்டப்பட்டது.

ஒரே கருவியால் எல்லாம் நடந்துவிடவில்லை என்பதுதான் அடுத்த பத்தாண்டின் கதை. கேஸ்9 வெட்டுவதற்கு இலக்கின் அருகே இரண்டு ‘ஜி’ காரங்கள் இருந்தாக வேண்டும். அவை இல்லாத இடத்தை அது தொடாது. ‘டி’ காரங்கள் மிகுந்த இடங்களுக்கு 2015இல் கேஸ்12ஏ என்ற வேறு புரதம் வந்தது. வெட்டி முடமாக்குவது மட்டும் போதாது, ஒரு காரத்தை மற்றொன்றாக மாற்ற வேண்டும் என்ற தேவைக்கு, 2016, 2017 ஆண்டுகளில் காரத் திருத்திகள் வந்தன. இவை இரு இழைகளையும் வெட்டாமலே ‘சி’யை ‘டி’யாகவும், ‘ஏ’யை ‘ஜி’யாகவும் மாற்றும். 2019இல் வந்த பிரைம் திருத்தம், எந்தக் காரத்தையும் எதுவாகவும் மாற்றவும், சிறு துண்டுகளைச் சேர்க்கவும் வழிசெய்தது. செடிகளில் பெரும்பாலான பயன்தரும் வேறுபாடுகள் ஒரு மரபணு இருப்பதும் இல்லாததுமாக அமைவதில்லை, ஓரிரு காரங்களின் வேறுபாடாகவே அமைகின்றன என்பதால், இந்த விரிவு பயிர்களுக்கு மிக முக்கியமானது.

இந்தியாவில் இதன் முதல் பெரிய விளைச்சல் நெல்லில் வந்தது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு ரகங்களில் கமலா, பிபிடி 5204 என்று தமிழக உழவர் அறிந்த சம்பா மசூரியிலிருந்து ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. கதிரின் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு அதில் திருத்தப்பட்டது. மற்றொன்றான பூசா டிஎஸ்டி நெல்-1, எம்டியூ 1010 ரகத்தில் வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறனுக்காக டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் திருத்தப்பட்டது. உப்பைத் தாங்கும் நெல் கொச்சிக்குப் புதிதன்று. மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் வரும் கடலோரக் கழனிகளில், ஓதநீர் புகும் நிலத்தில் பொக்காளி நெல் தலைமுறை தலைமுறையாக விளைகிறது. அதன் முதலாம் குரோமோசோமில் உள்ள ‘சால்டால்’ என்ற பகுதி உலகெங்கும் உப்புநிலத்துக்கான நெல் ரகங்களுக்குக் கொடையாகியிருக்கிறது. ஆனால் பொக்காளியின் திறன் ஒரு மரபணுவில் அடங்கியதன்று. பல மரபணுக்கள் கூடிச் செய்யும் செயல் அது. அதை முழுமையாக எழுதித்தரும் திருத்தக் கருவி எதுவும் இன்றில்லை என்பதால், பொக்காளிக் கழனிகள் சுருங்கிவருவது ஆய்வகத்தாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

நெல்லில் எளிதாக நடந்தது மிளகில் ஏன் நடக்கவில்லை என்பதற்கு விடை, அந்த முதல் கருவியான தண்டு நடவிலேயே இருக்கிறது. திருத்தம் செய்ய, கேஸ்9 புரதத்துக்கான மரபணுவை முதலில் செடிக்குள் செலுத்துகிறார்கள். வேலை முடிந்தபின் அது தேவையில்லை. நெல் விதையால் பெருகுவதால், அடுத்த தலைமுறை நாற்றுகளில் திருத்தம் மட்டும் தங்கி, செலுத்திய மரபணு இல்லாதவற்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். 2022 மார்ச் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட ஆணை, அயல் மரபணு எஞ்சாத இத்தகைய திருத்தச் செடிகளை 1989ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான பிரிவுகளிலிருந்து விலக்கியது. மிளகிலோ விதை வழிப் போனால் கரிமுண்டா கரிமுண்டாவாக இராது. வாழைக்கும் இதே சிக்கல். மொகாலியின் தேசிய வேளாண் உணவு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் ரஸ்தாளியில் திருத்தம் சாத்தியம் என்று காட்டியபோதும், விதையற்ற பயிரில் செலுத்திய மரபணுவை எப்படி நீக்குவது என்ற கேள்வி மிஞ்சியது. புரதத்தையும் வழிகாட்டியையும் நேரடியாகத் தனிச்செல்லுக்குள் செலுத்தி, பின் அந்தச் செல்லிலிருந்து முழுச்செடியை வளர்ப்பது ஒரு தீர்வு. தனிச்செல்லிலிருந்து மிளகை மீட்டெடுப்பது மிகக் கடினம் என்பதால் அந்த வழியும் குறுகியது.

ஆகவே மிளகுக்கு வேண்டியது வலிமை மிகுந்த கருவி என்பதைவிடச் சிறிய கருவி. கேஸ்9 புரதம் 1,368 அமினோ அமிலங்கள் கொண்டது. செடிக்குள் எளிதில் பரவும் வைரஸ்கள் இவ்வளவு பெரிய சுமையை ஏற்காது. 2021இல் டிஎன்பிபி என்ற பாக்டீரியப் புரதமும் வழிகாட்டியால் இயங்கி வெட்டக்கூடியது என்று தெரியவந்தது. கடும் கதிர்வீச்சிலும் பிழைக்கும் டைனோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த அந்தப் புரதத்தின் நீளம் 408 அமினோ அமிலங்களே. கட்டாக்கில் 1946இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குதுபுதீன் மொல்லாவும் அவருடைய குழுவினரும் இதைச் செடிக்கேற்ற கருவியாக வடிவமைத்து, நெல்லில் செயல்படுவதை 2024இல் வெளியிட்டார்கள். 2025இல் அதற்கு இந்தியக் காப்புரிமை கிடைத்தது. கிரிஸ்பர் கருவிகளின் முதன்மைக் காப்புரிமைகள் வெளிநாட்டில் இருக்கையில், ஒரு பொது நிறுவனத்தின் கையில் சொந்தக் கருவி இருப்பது சாதாரணச் செய்தியன்று. அதே 2025இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், டிஎன்பிபி வகைப் புரதம் ஒன்றைப் புகையிலை வைரஸ் ஒன்றில் ஏற்றி, திசு வளர்ப்பே இல்லாமல் அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியைத் திருத்தி, அந்தத் திருத்தம் விதைக்கும் கடந்துபோவதைக் காட்டினார்கள். வைரஸ் மிளகின் வளர்நுனியை எட்டினால், செந்தலையின் ஒரு கணுவிலேயே திருத்தம் செய்து, அதிலிருந்து கிளம்பும் கொடியைப் பெருக்கலாம் என்பது கற்பனைக்கு எட்டாததன்று. திருந்திய செல்லும் திருந்தாத செல்லும் ஒரே தண்டில் கலந்து வரும் என்பதால் அங்கேயும் பல சுற்றுத் தேர்வு வேண்டியிருக்கும். வெட்டி, நட்டு, பார்த்து, மறுபடி வெட்டும் அந்தப் பழைய வேலை அப்போதும் தீராது.

எந்த மரபணுவைத் திருத்துவது என்பது தனிக் கேள்வி. மிளகின் மரபணுத்தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 26 குரோமோசோம்களாகத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். காரத்தைத் தரும் பைப்பரைனை ஆக்கும் நொதியை ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் 2021இல் இனங்கண்டார்கள். மிளகின் தாயகத்துக்கு இவை முதலில் வெளியிலிருந்து வந்தன என்பது வருத்தத்துக்குரியது. நோயைப் பொறுத்தவரை ஒரு முன்னுதாரணம் உண்டு. கோகோ மரத்தின் நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவை 2018இல் இலைகளில் வெட்டியபோது, ஃபைட்டோஃப்தோராவின் இன்னொரு வகைக்கு எதிராக இலைகள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. மிளகிலும் இதற்கு நிகரான மரபணுவைத் தேடிச் சோதிக்கலாம். ஆனால் நோயெதிர்ப்பை எப்போதும் திறந்தே வைக்கும் செடி விளைச்சலில் அதற்கு விலை கொடுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. திருத்தப்பட்ட மிளகு ரகம் எதுவும் இதுவரை வெளியாகவில்லை.

ரகம் வரும் நாளில் அது யாருடையது என்ற கேள்வி எழும். கேரளம் மரபணுத் தொழில்நுட்பத்தை ஐயத்தோடு அணுகும் மாநிலம். கோட்டயத்தின் ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மரபணு மாற்ற ரப்பர் கேரளத்தில் இடம் கிடைக்காமல் 2021இல் அசாமில்தான் நடப்பட்டது. அந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. மட்டாஞ்சேரி விலையில் ஒருபோதும் இடம்பெறாத மலைத்தோட்டத்துக்காரன் புதிய கருவியின் விலையிலும் விடுபட்டுவிடக் கூடும் என்ற அச்சம் அதில் உண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இதற்கு ஓரளவு இடம் தருகிறது. ஒரு ரகத்தின் சாரமான குணங்களை அப்படியே வைத்து அதிலிருந்து பெறப்பட்ட புதிய ரகத்தை அது ‘அடிப்படையில் வழிவந்த ரகம்’ என்கிறது. மூலரகம் உழவருடையதாக இருந்தால், அதைப் பேணிய உழவர்களின், அல்லது அந்தச் சமூகத்தின், ஒப்புதல் இல்லாமல் அனுமதி தரப்படக் கூடாது என்று அதன் 43ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு காரம் மட்டும் மாறிய கரிமுண்டா இந்த வரையறைக்குள் ஐயமின்றி வரக்கூடியது. ஆனால் கரிமுண்டாவைப் பேணியவர்கள் இன்னார் என்று காட்டும் பதிவு இருந்தால்தான் ஒப்புதலை யாரிடம் கேட்பது என்பது தெளிவாகும். கோழிக்கோட்டு நறுமணப்பயிர் நிறுவனத்தின் சேகரிப்பில் நிற்கும் கொடிகளுக்கு ஊரும், தோட்டமும், கொடுத்தவர் பெயரும் குறித்த முழுப்பட்டியலை, 1675இல் இட்டி அச்சுதனின் சான்றுரைக்குக் கிடைத்த அதே மதிப்போடு, திருத்தப்பட்ட முதல் நாற்று பையை விட்டு மண்ணில் இறங்குவதற்கு முன்பே உழவர் உரிமை ஆணையத்தின் ஏட்டில் சேர்த்துவிட வேண்டும்.